வெண்பனி பெய்யாத ஊரில் ஒரு சங்கிலி ஆராய்ச்சி

கட்டுகஸ்தோட்டையில் வெண்பனி பெய்வதில்லை. கண்டி மாநகரின் வடக்கே, மகாவலி கங்கை மலைகளைச் சுற்றி வளைந்தோடும் கரையிலே அமைந்த இவ்வூர் மழையை நன்கறியும், மூடுபனியை அறியும், மார்கழி, தை மாதத்து விடியற்பொழுதில் ஆற்றின்மீது ஆவியென எழுந்து பாலத்தை மறைக்கும் வெண்புகையையும் அறியும். ஆயின், வீட்டு வாயிலை மூடி, வீதியை மறைத்து, முழங்காலளவு குவியும் வெண்பனியை இங்கு எவரும் கண்டதில்லை. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்டனர். அவர்கள் கருதியதும் புல்நுனியிற் கதிரவனைக் கண்டதும் மறையும் பனியேயன்றி வேறன்று.

இலங்கையில் உறைபனியைக் காண விரும்புவோர் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குச் செல்லவேண்டும். அங்கும் தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் சில இரவுகளில் மாத்திரம் புற்றரைமீது சர்க்கரை தூவினாற்போல் உறைபனி படியும். தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டு, வெயில் ஏறியதும் அது போய்விடும். அதனால் எந்த வண்டிக்கும் சங்கிலி பூட்டவேண்டிய தேவை நேர்வதில்லை.

இத்தகைய நாட்டில் இருந்துகொண்டு வெண்பனிச் சங்கிலியைப் பற்றி எழுதப் புகுவது வாசகர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இன்று நம்மவர் குடும்பங்களுள், ஒரு பிள்ளையேனும் சுவிற்சர்லாந்திலோ, நோர்வேயிலோ, கனடாவிலோ வாழாத குடும்பம் அரிது. அவர்களுடைய பனி நம்முடைய கவலையாகிவிட்டது. அன்றியும், அந்தப் பனி கற்பிக்கும் பாடம் ஒன்றை எமது மலைப்பாதைகளும் நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றன. அதனை அறியக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒருநாட் பயணமே போதுமானதாக இருந்தது.

முள்மரத்துறை

ஊரைப் பற்றி முதலிற் சிறிது கூறுவோம். சிங்கள மொழியில் 'கட்டு' என்பது முள். 'கஸ்' என்பது மரங்கள். 'தொட்ட' என்பது துறை. முள்மரத்துறை என்று தமிழிற் கூறலாம். ஓடங்கள் கரைசேர்ந்த அத்துறை இன்று வாகனங்களின் துறையாகிவிட்டது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ 9 நெடுஞ்சாலை இவ்வூரின் ஊடாகவே வடக்கே போகிறது. குருநாகல் வழியாகப் புத்தளம் செல்லும் ஏ 10 நெடுஞ்சாலை இங்கிருந்தே தொடங்குகிறது. 1880இல் மாத்தளைவரை நீண்ட இருப்புப்பாதையும் இங்கேதான் ஆற்றைக் கடக்கிறது. ஆகவே டயர்க் கடைகளுக்கும் கராஜ்களுக்கும் இவ்வூரிற் குறைவில்லை.

பாகர்கள் யானைகளை ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டும் காட்சியைக் காண வெளிநாட்டவர் நெடுங்காலம் இவ்வூருக்கு வந்தனர். அந்த யானையின் காலிற் கிடந்த சங்கிலி அதனை நகரவொட்டாமல் தடுப்பதற்கானது. நாம் இங்கு ஆராயும் சங்கிலியோ, நகரும் வண்டி வழுவிப் போகாமற் காப்பதற்கானது.

கடல் கடந்து வந்த கேள்வி

யாழ்ப்பாணத்தில் மணம்முடித்துச் சென்ற எமது தமக்கையின் மகள் சுவிற்சர்லாந்தின் பேர்ண் மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில் வாழ்கிறாள். கீழே பள்ளத்தாக்கிலுள்ள முதியோர் இல்லமொன்றில் அவளுக்குத் தாதி வேலை. காலை ஏழு மணிக்கு அங்கிருக்கவேண்டும். மார்கழி மாதத்தில் அந்நாட்டிற் சூரியன் எட்டு மணிக்குப் பின்னரே உதிக்கிறான். ஆகவே, ஐந்து வயதுக் குழந்தையைப் பின்னிருக்கையில் இருத்திக்கொண்டு, இருளில், பனி மூடிய மலைப்பாதையில் அவள் நாள்தோறும் இறங்கவேண்டும். இதனை எண்ணியே நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் வலுச் செல்லும் வண்டி ஒன்றை வாங்கியிருந்தாள்.

ஓர் இரவு தொலைபேசியில் அவள் குரல் வழக்கம்போல் இருக்கவில்லை.

"மாமா, ஏறேக்க வண்டி ஒரு குறையும் சொல்லேல்ல. இறங்கேக்க வளைவில பிரேக்கை மிதிச்சன், நிக்கேல்ல. ஓரத்தில ஒதுக்கி வைச்ச பனிக்குவியலில முட்டித்தான் நிண்டது."

"உனக்கும் பிள்ளைக்கும் ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை. ஆனா அடுத்த வளைவில அந்தக் குவியலும் இல்லை மாமா, மதிலும் இல்லை. நாலு சில்லும் இழுக்கிற வண்டிக்குச் சங்கிலி தேவையில்லை எண்டுதான் வித்தவர் சொன்னவர். பௌதிகம் படிப்பிக்கிற நீங்கள் சொல்லுங்கோ, தேவையோ இல்லையோ?"

பௌதிகம் கற்பிப்பவருக்கு விடை கூறுவது கடினமன்று. ஆயினும், ஓர் உயிரின் பாதுகாப்புப் பற்றிய கேள்விக்குக் கரும்பலகைக் கணக்கை மட்டும் விடையாக அனுப்ப எமக்கு மனம் வரவில்லை. கட்டுகஸ்தோட்டைச் சந்திக்கு அண்மையில் கராஜ் வைத்திருக்கும் முதியவர் ஒருவரை நாடிச் சென்றோம். ஊரார் அவரை 'நானா' என்றே அழைப்பர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேயிலைத் தோட்டங்களின் ஜீப் வண்டிகளைப் பழுதுபார்த்தும், நக்கிள்ஸ் மலைகளின் அப்பாலுள்ள மீமுரே கிராமத்துக்கு அரிசியும் மாவும் ஏற்றிச் சென்றும் பழகியவர்.

"ஸ்நோவ நான் கண்டதில்ல, மாஸ்டர்," என்றார் அவர். "ஆனா சேத்தக் கண்டிருக்கன். வழுக்குற சாமான் எல்லாம் ஒண்டுதான்."

சுவரில் ஆணியில் தொங்கிய பழஞ்சங்கிலி ஒன்றை இறக்கிக் காட்டினார். இரண்டு நீண்ட சங்கிலிகள். அவற்றிடையே ஏணிப்படிகள்போற் குறுஞ்சங்கிலிகள். துருப்பிடியாதபடி பழைய எண்ணெய் பூசப்பட்டிருந்தது. "சனிக்கிழம வாங்க. வாயால சொல்றத விடக் கண்ணால பாக்குறது நல்லம்," என்றார்.

ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால்

நானாவின் பழைய லாண்ட் ரோவரில் விடியுமுன் புறப்பட்டோம். 1948இல் முதன்முதல் வெளிவந்த இவ்வகை வண்டி, பின்னர் மலையகத் தோட்டத்துரைமாரின் வாகனமாகப் பெயர்பெற்றது. கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் ஏ 26 வீதியில் திகன, தெல்தெனிய ஆகிய ஊர்களைக் கடந்தோம். வீதியின் வலப்புறத்தே விக்டோரியா நீர்த்தேக்கம் பரந்து கிடந்தது. 1985இல் திறந்துவைக்கப்பட்ட அந்த அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருள் மூழ்கியது. இன்றுள்ளது மேட்டில் எழுந்த புதுநகரம்.

ஹுன்னஸ்கிரியவில் இடப்புறம் திரும்பினால் உலகமே மாறிவிடுகிறது. தேயிலைச் சரிவுகள் பின்தங்க, காடு நெருங்குகிறது. ஒருகாலத்தில் ஏலம் பயிரிடப்பட்ட காடு அது. இம்மலைத்தொடரில் 1,900 மீற்றரைத் தாண்டும் சிகரமும் உண்டு. மூடிய கையின் விரல்முட்டிகளைப் போற் சிகரங்கள் தோன்றியமையால் ஆங்கிலேயர் இதற்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டபோது இதுவும் அதில் ஒரு பகுதியாயிற்று. பெயரும் பெருமையும் இவ்வாறிருக்க, மார்கழி மழையில் இங்குப் பயணம் செய்பவனுக்கு நினைவில் நிற்பவை இரண்டு: காலில் ஏறும் அட்டை, சக்கரத்தில் ஒட்டும் செம்மண்.

வழியில் ஒரு தோட்டத்துக் கிளைப்பாதையில் நானா வண்டியைத் திருப்பினார். குறுகிய சரிவு, நனைந்த களிமண், கீழே அகன்ற சமதரை. பள்ளமோ மதிலோ இல்லாத இடத்தைப் பார்த்தே அவர் தெரிந்தெடுத்திருந்தார்.

முதலில், நான்கு சக்கர இழுவையைப் பூட்டி, சங்கிலியின்றி மேலே ஏறினார். வண்டி உறுமியது, சற்றே அசைந்தது, ஏறிவிட்டது. பின்னர் நடைவேகத்தில் இறங்கி, பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்தார். நான்கு சக்கரங்களும் நின்றன, வண்டி நிற்கவில்லை! ஒரு வண்டி நீளத்துக்கு அது சறுக்கிக்கொண்டே சென்ற பின்னர்தான் ஓய்ந்தது.

அடுத்து, முன்சக்கரங்கள் இரண்டிற்கும் சங்கிலி பூட்டினார். இம்முறை முன்புறம் விரைவில் நின்றது. ஆனால் பின்புறம் ஒரு பக்கமாக ஒதுங்கி, வண்டி பாதைக்குக் குறுக்கே திரும்பிற்று. நான்காம் முறை, தாம் கொண்டுவந்த இரண்டாவது சோடியைப் பின்சக்கரங்களுக்கும் பூட்டினார். வண்டி நேராக இறங்கியது. மிதித்ததும் ஒரு பாகத் தூரத்துள் நேராகவே நின்றது.

"பாத்தீங்களா, மாஸ்டர்? நாலு சில்லும் இழுக்குறது போறதுக்கு. நிப்பாட்டுறதுக்கு மண்ணுல பிடி வேணும். அத எஞ்சின் தராது," என்றார் நானா.

சங்கிலிகளைக் கழற்றிக்கொண்டு லூல்வத்தையைத் தாண்டி, கோர்பெட் இடைவெளி எனப்படும் கணவாயை அடைந்தோம். இரு மலைகளுக்கிடையே காற்று மனிதனைத் தள்ளிவிடுமளவுக்கு வீசும் இடம் அது. மேகம் ஒரு கணம் விலகியபோது, கீழே பள்ளத்தாக்கும், அதற்கப்பால் கூர்நுனி கொண்ட லக்கேகல மலையும் தோன்றின. இராவணன் கதையோடு இணைத்து அப்பகுதி மக்கள் போற்றும் மலை அது. அதன் அடிவாரத்திலேயே மீமுரே. ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வழி. அதன் கடைசிப் பகுதி முழுவதும் இறக்கம்.

மேகம் மீண்டும் மூடிற்று. மழை வலுத்தது. அரிசிச் சாக்கோடு நின்ற மீமுரே இளைஞன் ஒருவன் வண்டியைக் கண்டு ஓடிவந்தான். நானா பாதையைச் சிறிதுநேரம் பார்த்தார்.

"போக ஏலும், மாஸ்டர். இந்த மழைல நிப்பாட்டத்தான் ஏலாது. இண்டைக்கு வேணாம்," என்றார். இளைஞனிடமும் சிங்களத்தில் அதனையே கூறி, அவனையும் அவன் சாக்கையும் ஏற்றிக்கொண்டு லூல்வத்தைத் தேநீர்க்கடையில் இறக்கினார். மழை விட்டபின் நடந்தேனும் போய்விடலாம் என்று அவன் சிரித்தான். எமக்கு அது காட்சி காணும் பயணம். அவனுக்கோ வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் அதுவே வழி. எமது தமக்கை மகளின் மலைப்பாதையும் அவளுக்கு அத்தகையதே. விருப்பமில்லையென்று திரும்பிவிடும் உரிமை அவளுக்கு இல்லை. அவளுக்கு வேண்டியது அறிவுரையன்று, கருவி என்பது அப்பொழுது தெளிவாயிற்று.

தேரும் முட்டுக்கட்டையும்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஏ 9 வழியே வடக்கே சென்றால் மாத்தளை. அங்குள்ள ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தில் மாசி மகத்தையொட்டி ஐந்து தேர்கள் வீதிவலம் வருவதை வாசகர் பலர் கண்டிருப்பர். தேரை இழுப்போர் நூற்றுக்கணக்கானோர். ஆனால் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடுபவர் சிலரே. வடம் பிடிப்போர் கூடக்கூடத் தேர் எளிதில் நகரும். எளிதில் நிற்கும் என்று எவரும் சொல்லமாட்டார். நிறுத்துவது முட்டுக்கட்டையின் வேலை. நான்கு சக்கர இழுவை என்பது வடத்தில் மேலும் பல கைகள் சேர்ந்தது போன்றது. எல்லா வண்டிகளுக்கும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் உண்டு. ஆகவே நிற்கும் விஷயத்தில் இழுவை வண்டிக்கு எவ்விதச் சலுகையும் இல்லை.

இதனை எண்ணால் உணர்த்துவதும் எளிது. உலர்ந்த தார்வீதியில் டயரின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.7 எனக் கொள்ளலாம். இறுகிய வெண்பனியில் 0.2, பனிக்கட்டியில் 0.1. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, பிரேக் பிடித்தபின் உலர்ந்த வீதியில் 14 மீற்றரில் நிற்கும். இறுகிய பனியில் அதற்கு 49 மீற்றர் வேண்டும். பனிக்கட்டியில் 98 மீற்றர் வேண்டும். இவை சமதரைக் கணக்கு. பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவிலோ, குணகம் 0.1 ஆயின், பிடிக்கும் விசையும் இழுக்கும் விசையும் சமமாகிவிடும். அங்கே எத்துணை மெதுவாக வந்தாலும் பிரேக்கினால் வண்டி நிற்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் இக்கால மின்னணு ஏற்பாடுகளும், தரையில் உள்ள பிடிப்பைச் செவ்வனே பயன்படுத்துமேயன்றி, இல்லாத பிடிப்பை உண்டாக்கமாட்டா.

சங்கிலி செய்வது அந்தப் பிடிப்பை உண்டாக்குவதே. வண்டியின் பாரம் முழுவதும் டயரின் பரப்பில் பரவாமல், சில உருக்குக் கண்ணிகளின் விளிம்பிற் குவிகிறது. அவை பனியைக் கடித்து உள்ளே இறங்குகின்றன. மோட்டார் வாகனங்களின் தொடக்க காலத்திற் சாரதிகள் சேற்றிலும் பனியிலும் சக்கரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினர். அதனைக் கண்டு இரும்புச் சங்கிலியாற் செய்யும் முறையை வகுத்து, 1904 ஆகஸ்டில் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்றவர் ஹரி வீட் என்பவர். அவரது ஊர் நியூயோர்க் மாநிலத்துக் கனஸ்டோட்டா! கட்டுகஸ்தோட்டைக்கும் கனஸ்டோட்டாவுக்கும் ஓசையன்றி வேறு உறவில்லை; ஆயினும் இரண்டு ஊர்களிலும் சக்கரமும் சேறும் மனிதனுக்கு ஒரே பாடத்தைக் கற்பித்தன போலும்.

தெரிந்தெடுக்கும் முறை

வீடு திரும்பியதும் எமது தமக்கை மகளுக்கு விரிவாக எழுதினோம். அதன் சாரத்தை இங்கு தருவது, பனிநாடுகளிற் பிள்ளைகளை உடைய ஏனையோருக்கும் பயன்படும்.

முதலாவது, சங்கிலிக்கு முன் டயர். குளிர்காலத்துக்கெனச் செய்த டயர் இல்லாமற் சங்கிலியை மட்டும் நம்பலாகாது. 7 பாகைக்குக் கீழே சாதாரண டயரின் இறப்பர் விறைத்துவிடும். மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த அடையாளம் டயரின் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நாள்தோறும் காப்பது டயர். மிகக் கொடிய நாளிற் காப்பது சங்கிலி.

இரண்டாவது, அளவு. டயரின் பக்கத்தில் 225/65 ஆர் 17 என்பது போன்ற எண் இருக்கும். முதலெண் மில்லிமீற்றரில் அகலம். இரண்டாவது அந்த அகலத்துக்குப் பக்கச்சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை என்பது. இறுதியெண் அங்குலத்தில் உள்வளையத்தின் விட்டம். மூன்றும் பொருந்தும் சங்கிலியையே வாங்கவேண்டும். 'கிட்டத்தட்டப் பொருந்தும்' என்று கடையில் கூறினால் வேண்டாமென்று விடுக. தளர்ந்த சங்கிலி கழன்று பிரேக் குழாயை அறுக்கும்.

மூன்றாவது, இடைவெளி. இதுவே நான்கு சக்கர இழுவை வண்டிகளிற் பலர் கவனியாதது. வண்டி உயரமாக இருப்பதால் இடம் தாராளமாக இருக்குமென்று எண்ணுவர். உண்மையில் அகன்ற டயருக்கும் அதிர்வுதாங்கிக்கும் இடையே விரல் நுழையும் இடமே சில வண்டிகளில் உண்டு. ஆகவே மெல்லிய கண்ணிச் சங்கிலிகளை மட்டுமே அவற்றின் கைந்நூல் அனுமதிக்கும். அமெரிக்காவில் இத்தகைய வண்டிகளுக்கென 'எஸ்' என்ற வகுப்பே வகுத்துள்ளனர். சில வண்டிகளில் ஒருவகை டயருக்குச் சங்கிலி பொருந்தும். அதே வண்டியின் அகன்ற டயருக்குப் பொருந்தாது. வாங்குமுன் கைந்நூலிற் சங்கிலி பற்றிய பக்கத்தைப் படிப்பது, வாங்கியபின் கடைக்காரரோடு வாதிடுவதிலும் நன்று.

நான்காவது, எந்த அச்சு? நானாவின் லாண்ட் ரோவரில் இழுவையைப் பூட்டுவதும் விடுவதும் சாரதியின் கைத்தண்டு. இக்கால வண்டிகளிற் பலவற்றில் வலு பெரும்பாலும் முன்னச்சுக்கே செல்லும். வழுக்கும்போது தானாகவே பின்னச்சும் சேரும். ஆகையாற் பல கைந்நூல்கள் முன்னச்சைக் கூறும். இடைவெளி காரணமாகப் பின்னச்சைக் கூறுவனவும் உண்டு. ஊகத்துக்கு இங்கே இடமில்லை, கைந்நூலே விதி. முன்னே மட்டும் பூட்டினால் இறக்கத்திற் பின்புறம் ஒதுங்கும். களிமண் சரிவில் நாம் கண்டது அதுவே. பின்னே மட்டும் பூட்டினால் வண்டியைத் திருப்புவது அரிதாகும். கைந்நூல் இடந்தருமாயின், செங்குத்தான இறக்கத்தில் நாள்தோறும் செல்பவர் நான்குக்கும் பூட்டுவதே சிறந்தது.

ஐந்தாவது, பின்னல். ஏணி வடிவச் சங்கிலி மலிவானது. நேரே செல்லப் பிடிப்புத் தரும். ஆனால் படிக்கும் படிக்கும் நடுவே டயர் வெறுமையாகத் தரையைத் தொடும். பக்கவாட்டில் வழுக்குவதை நன்கு தடுக்காது. சாய்சதுர வடிவிற் பின்னியது எப்பொழுதும் சிறிதேனும் தரையைக் கடித்துக்கொண்டிருக்கும், வளைவுகளுக்கு ஏற்றது. நோர்வேயில் உருவான துணியுறை ஒன்றும் இன்று கிடைக்கிறது. பூட்ட எளிது, இடைவெளி குறைந்த வண்டிக்கு உதவும், வெறுந்தாரில் விரைவிலே தேய்ந்துபோம். அந்தந்த நாட்டுச் சட்டம் அதனைச் சங்கிலிக்கு ஈடாக ஏற்கிறதா என்று விசாரித்தே வாங்கவேண்டும்.

ஆறாவது, பழக்கம். சங்கிலியைப் பெட்டியோடு வண்டியில் வைத்திருப்பவர் பலர். பூட்டத் தெரிந்தவர் சிலர். உலர்ந்த முற்றத்திற் பகலில் இரண்டு முறையேனும் பூட்டிப் பழகவேண்டும். கையுறை, தலையிற் கட்டும் விளக்கு, முழங்காலிட ஒரு விரிப்பு ஆகியவை சங்கிலியுடனேயே இருக்கவேண்டும். பூட்டியபின் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி மீண்டும் இறுக்கவேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற் செல்லலாகாது. பனி நீங்கிய வீதியில் உடனே கழற்றவேண்டும். யாவற்றிலும் முக்கியமாக, இறக்கத்தின் நடுவில் அன்று, இறக்கம் தொடங்குமுன் சமதரையிலேயே பூட்டவேண்டும்.

சட்டமும் வழக்கமும்

சுவிற்சர்லாந்தின் மலைவீதிகளில், நீல வட்டத்தினுள்ளே சங்கிலி சுற்றிய டயர் வரைந்த அடையாளத்தைக் காணலாம். அதைக் கடந்து செல்லும் வண்டியில், வலுச்செல்லும் ஓர் அச்சின் இரு சக்கரங்களிலேனும் சங்கிலி இருக்கவேண்டும் என்பது சட்டம். நான்கு சக்கர இழுவை வண்டிக்கு விலக்கு என்று கீழே தனிப்பலகை இருந்தாலன்றி, அதற்கும் விலக்கில்லை. விற்றவர் கூறியதற்கு நாட்டுச் சட்டத்திலேயே மறுப்பு இருந்தது.

இந்தியாவில் இமயச் சாரலிலோ வழக்கம் சற்று வேறு. காஷ்மீரத்துக் குல்மார்க்குக்குத் தங்மார்க்கிலிருந்து ஏறும் பாதையிலும், மணாலியிலிருந்து 2020இல் திறந்த அடல் சுரங்கம்நோக்கிச் செல்லும் பாதையிலும், கடும்பனி பெய்த நாட்களில் நான்கு சக்கர இழுவை வண்டிகளையும் சங்கிலி பூட்டிய வண்டிகளையும் மட்டுமே விடுவர். இரண்டையும் ஒன்றாகக் கருதும் இவ்விதி ஏற்றத்துக்குப் பொருந்தும்; இறக்கத்துக்கு முற்றும் பொருந்தாது. அங்கே சுற்றுலாச் செல்லும் நம்மவர் வாடகை வண்டியில் ஏறுமுன், "நாலு சக்கரமும் இழுக்குமா?" என்பதோடு நில்லாமல், "சங்கிலி இருக்கிறதா, இறங்கும்போது பூட்டுவீர்களா?" என்றும் சாரதியைக் கேட்டுக்கொள்வது நன்று.

எமது தமக்கை மகள் தன் வண்டியின் கைந்நூலைப் பார்த்தாள். அவள் டயருக்கு முன்னச்சில் மட்டும், 9 மில்லிமீற்றர் மெல்லிய கண்ணிச் சங்கிலியே அனுமதி என்று அதில் எழுதியிருந்தது. நான்குக்கும் பூட்ட வழியில்லை. ஆகவே சாய்சதுரப் பின்னற் சங்கிலி ஒரு சோடி வாங்கினாள். முற்றத்திற் பூட்டிப் பழகினாள். பின்புறம் ஒதுங்கும் என்பதை நானாவின் பரிசோதனையால் அறிந்திருந்தமையால், வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்து, கீழ்க்கியரில் இறங்கவும், வளைவினுள் பிரேக்கைத் தொடாதிருக்கவும் பழகிக்கொண்டாள். கடும்பனிப் புயல் என்று வானொலி அறிவிக்கும் நாட்களில், முந்தைய மாலையே பள்ளத்தாக்கில் ஒரு தோழி வீட்டிற் குழந்தையோடு தங்கிவிடுவதென்றும் ஏற்பாடு செய்தாள். கோர்பெட் இடைவெளியில் நானா வண்டியைத் திருப்பிய செய்தியே இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் என்று எழுதியிருந்தாள்.

பனிநாடுகளிலிருந்து பிள்ளைகள் புதுவண்டியின் படத்தை அனுப்பும்போது நாம் நிறத்தைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம், எத்தனை பேர் இருக்கலாம் என்று கேட்கிறோம். இனிமேல், குளிர்காலத்துக்கு முன்னர், அது பனிச்சரிவில் எவ்வாறு நிற்கும் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்போமாக. விடை தெரியாவிட்டால், வண்டியின் கைந்நூலிற் சங்கிலி பற்றிய அந்த ஒரு பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொல்வோம். அதற்குப் பத்து நிமிடமும் செல்லாது.